பின்னணி வெள்ளை

மாதப்பன் போனில் சொன்னது இவ்வளவுதான்:
"குரூப் போட்டோல எங்க மச்சான் நிக்கிறான் பாரு,
அந்தாள எட்த்துரும்மா.
அப்பறம் பிரிண்ட்டுக்குப் போவட்டும்."

காவேரிப்பட்டணத்து மண்டபம்.
மேடையில் எல்இடி திரை ஊதா கக்க
மேலே மஞ்சள் பல்புகள்.
முனிரத்தினம் அண்ணன் ஒயிட் பேலன்ஸை
ஆட்டோவில் விட்டுவிட்டார்.
ஒரு கன்னம் கத்திரிக்காய், ஒரு கன்னம் மஞ்சள்கிழங்கு.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில்
நாகவேணிக்கு அவள் முகத்தைத் திருப்பித் தரவே
எனக்கு மூன்று ராத்திரி ஆனது.
மாமியார் வீட்டார் வந்து பார்த்து
இன்னும் கொஞ்சம் வெள்ளையாக என்றார்கள்.
கர்வ்ஸை ஒரு புள்ளி ஏற்றிக் காட்டினேன்.
அவர்கள் படியிறங்கியதும்
இறக்கிவிட்டேன்.

ஆளை எடுப்பது பெரிய வேலை இல்லை.
அவர் நின்றது ஓரத்தில், பின்னால் திரைச்சீலை,
மேலிருந்து கீழ்வரை ஒரே மடிப்பு.
க்ளோன் ஸ்டாம்பை வைத்துத் தேய்க்கத் தேய்க்க
காது துணியானது, மீசை துணியானது,
சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவும்.

கைதான்.
நாகவேணியின் இடது தோளில் வைத்திருந்தார்.
ஆள் போன பிறகும் கை இருந்தது.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
நடுவிரல் நகத்துக்குள் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.
விரலிடுக்கில் கிரானைட் தூள்,
எந்த சோப்புக்கும் போகாத சாம்பல்.
விரலுக்கு அடியில் என்ன ஜரிகை என்று
கேமராவுக்கும் தெரியாது.
வலது தோளிலிருந்து ஒரு மாங்காயை வெட்டி
இடவலமாகத் திருப்பி ஒட்டினேன்.
விளிம்புக்கு இரண்டு பிக்சல் ஃபெதர்.
அழுத்தின இடத்தில் பட்டு லேசாகக் குழிந்திருந்தது,
அந்த நிழலை மட்டும் தொடவில்லை.
யாரும் கவனிக்கவில்லை.
ஆளு கொறஞ்சா ரேட்டும் கொறையணும்ல என்று
மாதப்பன் சிரித்தபடி ஐநூறு குறைத்தார்.

ஆடியில் ஒரு மத்தியானம்.
ராயக்கோட்டை ரோட்டில்
கடைசி மாங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி என்று ஒருவர் வந்தார்.
அண்ணன் ஓசூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.
நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு
குடை லைட்டைத் தணித்து
ஐம்பது லென்ஸை மாட்டினேன்.
"தோள நேரா வைங்க."
அவர் கைகளை முட்டிமேல் வைத்தார்.

நகம்.
அடியில் புதிதாக வளர்ந்து
கறுப்பு நுனிப்பக்கம் ஏறியிருந்தது.

பேர் சின்னப்பையன். ஊர் பர்கூர்.
முகம் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

பின்னணி வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது விதி.
நீலத் துணி, ஸ்டூலின் விளிம்பு, சுவர்க் கொக்கி,
அவரைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும்
ஒரே க்ளிக்கில் எடுத்தேன்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டார்:
"எங்க அக்கா பொண்ணு கல்யாணம் நீங்கதான எட்த்தது?
ஆல்பம் வந்துருச்சாமே.
நான் எப்டி வுழுந்துருக்கேன்?"

நான் எதையும் அழிப்பதில்லை.
லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும்,
அதை மூடிவிடுவேன், அவ்வளவுதான்.
நாகவேணி குரூப் ஃபைனல், ஃபைனல் இரண்டு,
ஃபைனல் கடைசி.
கண்ணைத் திறந்தேன்.

மானிட்டருக்கு ரொம்பக் கிட்டே வந்து பார்த்தார்.
தன்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.
"புள்ள எளச்சிருக்கா.
இவள மட்டும் சின்னதா ஒண்ணு போடும்மா,
பர்ஸுல வெக்கிற அளவுக்கு."

க்ராப் செய்தேன்.
எப்படி நகர்த்தினாலும் வலது ஓரத்தில்
நாலு விரல் வந்தது.
"கை இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார்.
"மொத்தம் எவ்ளோ ஆச்சி?"